ஒரே சி.டி. ஸ்கேனில் இதயத்தையும் நுரையீரலையும் பார்த்துவிட முடியுமா?

வினா: 4 நவம்பர் 2024

தில்லி மயூர் விஹாரில் வசிக்கிறேன். வயது 58. இருபத்தைந்து ஆண்டுகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாக்கெட் சிகரெட் புகைத்தேன். நிறுத்தி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு, சர்க்கரை இல்லை. தீபாவளிச் சலுகை என்று ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து தொடர்ந்து அழைக்கிறார்கள். குறைந்த கதிர்வீச்சில் ஒரே ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் இதய அடைப்பு, நுரையீரல் புற்றுநோய் இரண்டையும் பார்த்துவிடலாம் என்கிறார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று யாராவது சொன்னாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். விவரம் அறிந்தவர்கள் எழுதுங்கள்.

4 நவம்பர், இரவு

தில்லி மருத்துவமனை ஒன்றில் சி.டி. பிரிவில் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவன் அல்லன், ஆனால் இந்தப் படங்கள் எப்படி எடுக்கப்படுகின்றன, எவை அறிக்கையில் எழுதப்படுகின்றன, எவை எழுதப்படாமலே போகின்றன என்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அமர்ந்து நெடுங்காலம் பார்த்திருக்கிறேன்.

மாங்காய் இரண்டும் மெய்தான். மார்பை ஸ்கேன் செய்யும்போது நுரையீரலுக்கு நடுவே இருக்கும் இதயத்தைத் தவிர்க்கவே முடியாது. அதன் தமனிச் சுவர்களில் படிந்திருக்கும் கால்சியமும் வெள்ளைப் புள்ளிகளாகப் படத்தில் விழுந்தே தீரும். படுக்கையில் மல்லாந்து படுத்து, இரு கைகளையும் தலைக்கு மேல் நீட்டி, "ஸான்ஸ் அந்தர் லோ, ரோக் லோ" என்று ஒலிபெருக்கி சொன்னதும் மூச்சை உள்ளிழுத்து நிறுத்தினால், பத்து வினாடிக்குள் வேலை முடிந்துவிடும். ஊசி கிடையாது, மருந்து கிடையாது. அந்தப் பத்து வினாடியில் கிடைக்கும் தரவு ஒன்றுதான். அதிலிருந்து நுரையீரலைப் படிப்பது ஒரு வேலை, இதயத்தைப் படிப்பது மற்றொரு வேலை.

ஆனால் "இதய அடைப்பைப் பார்த்துவிடலாம்" என்று உங்களிடம் சொன்னது சரியன்று. தமனியில் எவ்வளவு கால்சியம் படிந்திருக்கிறது என்பதை மட்டுமே இந்த ஸ்கேன் காட்டும். குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதைக் காண வேண்டுமானால் ஊசி வழியே கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் வேண்டும், அது வேறு சோதனை, அதற்குக் காரணமும் வேறு.

5 நவம்பர்

இந்தச் சோதனை யாருக்கு என்ற கேள்விக்கு வருகிறேன். சலுகைத் தொலைபேசிகளில் இதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

நுரையீரல் பக்கத்தில் சான்று வலுவானது. அமெரிக்காவில் 2002-இல் தொடங்கிய என்.எல்.எஸ்.டி. ஆய்வில் 53,454 பேர் சேர்க்கப்பட்டார்கள்; 55 முதல் 74 வயது வரையிலான கடும் புகைப்பழக்கம் உள்ளவர்கள், அல்லது அண்மையில் விட்டவர்கள். பாதிப் பேருக்கு ஆண்டுக்கொன்றாக மூன்று முறை குறைந்த கதிர்வீச்சு சி.டி., மீதிப் பேருக்கு மார்பு எக்ஸ்ரே. 2011-இல் வெளியான முடிவின்படி, சி.டி. எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 விழுக்காடு குறைந்திருந்தது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்த நெல்சன் ஆய்வு, 2020-இல் ஆண்களிடம் 24 விழுக்காடு குறைவைக் காட்டியது.

இப்போது உங்கள் கணக்கு. நாளொன்றுக்கு எத்தனை பாக்கெட் என்பதை எத்தனை ஆண்டுகள் என்பதால் பெருக்க வேண்டும். ஒரு பாக்கெட் என்பது இருபது சிகரெட். (நம் ஊரில் பத்து சிகரெட் அட்டையையும் பாக்கெட் என்றே சொல்லிப் பாதியாகக் கணக்குக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், கடையில் ஒன்றிரண்டாக வாங்கியவர்களுக்குக் கணக்கே இராது.) இருபது சிகரெட் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு 25 வருகிறது. அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2013-இல் 30 வேண்டும் என்றது. 2021-இல் அதை 20 ஆகக் குறைத்து, வயதை 50 முதல் 80 வரை என்றும், புகைப்பதை விட்டுப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. பழைய விதியின்படி நீங்கள் வெளியே, புதிய விதியின்படி உள்ளே. இந்தியாவில் நுரையீரலுக்கென அரசின் திரையிடல் (அறிகுறி இல்லாதவர்களையும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்கும்) திட்டம் கிடையாது. வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கே உண்டு. ஆகவே அமெரிக்க அளவுகோலைத்தான் நம் மருத்துவர்களும் எடுத்தாள்கிறார்கள்.

இதயத்தை ஏன் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால், அதே என்.எல்.எஸ்.டி. ஆய்வில் இதய, இரத்தக்குழாய் நோய்களால் இறந்தவர்களின் எண்ணிக்கை நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்களின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழச் சமமாக இருந்தது. புகை இரண்டு உறுப்புகளையும் ஒரேபோலத் தாக்குகிறது. ஒன்றைத் தேடப் போய் மற்றதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு எழுதாமல் விடுவது எனக்கு என்றுமே விளங்கியதில்லை.

7 நவம்பர்

துவாரகா அன்பர் ஒருவர், சென்ற ஆண்டு தாம் கால்சியம் ஸ்கோர் (தமனிக் கால்சியத்தை எண்ணாகக் கணக்கிடும் சோதனை) எடுத்துவிட்டதாகவும், அதிலேயே நுரையீரலும் வந்துவிட்டதால் அது சுத்தம் என்றும் எழுதியிருக்கிறார். இல்லை ஐயா. கால்சியம் ஸ்கோருக்கென்றே எடுக்கும் ஸ்கேன், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்துக்குச் சற்று அருகே தொடங்கி உதரவிதானத்தோடு நின்றுவிடும். நுரையீரலின் மேல்பகுதி படத்திலேயே இராது. புகைப்பவர்களுக்குப் புற்றுக்கட்டி மிகுதியாகத் தோன்றுவது மேல் மடலில்தான். நுரையீரல் ஸ்கேனில் இதயம் முழுவதும் வந்துவிடும். இதய ஸ்கேனில் நுரையீரல் முழுவதும் வராது. சலுகைப் பொட்டலம் (பேக்கேஜ்) வாங்குபவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து "சேர்த்து" தருகிறார்கள் என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

10 நவம்பர்

கால்சியம் ஸ்கோர் எப்படி எண்ணாகிறது என்று மூவர் கேட்டுவிட்டதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆர்தர் அகாட்ஸ்டன் என்ற இதய மருத்துவரும் வாரன் ஜானோவிட்ஸ் என்ற கதிரியல் மருத்துவரும் தம் குழுவினரோடு 1990-இல் வகுத்த முறைதான் இன்றும் நடப்பில் உள்ளது. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற அளவில் ஓர் அடர்த்தி எண் உண்டு. நீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. தமனியின் வழியில் 130-க்கு மேல் காட்டும் இடமெல்லாம் கால்சியம் எனக் கொள்ளப்படும். ஒரு படிவின் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் அளந்து, அதன் உச்ச அடர்த்தி 130-க்கும் 199-க்கும் இடையே என்றால் ஒன்றாலும், 200-களில் என்றால் இரண்டாலும், 300-களில் என்றால் மூன்றாலும், 400-ஐத் தொட்டால் நான்காலும் பெருக்குவார்கள். பத்துச் சதுர மில்லிமீட்டர் படிவு, உச்சம் 250 என்றால் அதன் பங்கு 20. எல்லா வெட்டுகளிலும் உள்ள எல்லாப் படிவுகளையும் கூட்டினால் வருவது உங்கள் ஸ்கோர். 100-க்குக் கீழ் லேசானது, 100-க்கும் 400-க்கும் இடையே நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது என்பது பொது வழக்கு.

இந்தக் கணக்கு இன்றைய கருவிகளில் மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்டுகளுக்கும் 120 கிலோவோல்ட் மின்னழுத்தத்துக்கும் தரப்படுத்தப்பட்டது. நுரையீரல் ஸ்கேனுக்கோ மெல்லிய வெட்டுகள் வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பார்ப்பதே நல்லது. கதிர்வீச்சைக் குறைக்கச் சில கருவிகளில் மின்னழுத்தத்தையும் 100 கிலோவோல்ட்டுக்கு இறக்குவார்கள்; அப்போது அதே கால்சியம் கூடுதல் வெண்மையாகத் தெரியும், 130 என்ற கோடு பொருந்தாது. மேலும், நுரையீரலின் நுண்விவரங்களைக் காட்ட விளிம்புகளைக் கூர்மையாக்கும் கணினி வடிகட்டியைப் பயன்படுத்துவோம்; அந்தக் கூர்மை இதயப் பகுதியில் இரைச்சலை ஏற்றிவிடும். இதற்கு வழி எளிது. எடுத்த மூலத் தரவிலிருந்தே மூன்று மில்லிமீட்டர் வெட்டுகளை மென்மையான வடிகட்டியில் இன்னொரு முறை உருவாக்கலாம். நோயாளிக்கு மறுபடி கதிர்வீச்சு இல்லை, தொழில்நுட்பருக்கு இரண்டு நிமிட வேலை. ஆனால் மூலத் தரவு கருவியில் சில நாள்களோ வாரங்களோதான் இருக்கும், பிறகு இடப்பற்றாக்குறையால் அழிந்துவிடும். அதைக் கேட்பதானால் ஸ்கேன் எடுக்கும் அன்றே கேட்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் துடிப்பு. முறையான கால்சியம் ஸ்கோரில் மார்பில் ஈ.சி.ஜி. ஒட்டுகளை ஒட்டி, இதயம் விரிந்து ஓய்ந்திருக்கும் நொடிப்பகுதியில் மட்டும் படம் பிடிப்போம். நுரையீரல் ஸ்கேனில் அந்த ஏற்பாடு கிடையாது. ஊஞ்சலில் ஆடும் குழந்தையைப் படம் எடுத்தது போலச் சில வெட்டுகளில் தமனி இழுபட்டுத் தெரியும். பெரிய படிவுகள் தப்புவதில்லை. சிறியவை மங்கி மறைந்துபோகலாம். ஆகவே துடிப்போடு இசைக்காத ஸ்கேனில் துல்லிய எண்ணைத் தேடுவதைவிட, கண்ணால் பார்த்து "இல்லை, லேசு, நடுத்தரம், கடுமை" என்று நான்கில் ஒன்றை எழுதுவதே நேர்மையானது. அமெரிக்காவின் இதய சி.டி. சங்கமும் மார்புக் கதிரியல் சங்கமும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுக்கும் எல்லா மார்பு சி.டி. அறிக்கைகளிலும் தமனிக் கால்சியத்தைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. எந்தக் காரணத்துக்காக எடுத்திருந்தாலும் சரி.

10 நவம்பர், இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் 'இல்லை' என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாம்" என்று ஒருவர் மகிழ்ந்திருக்கிறார். இந்த இணைய இழையின் வாசகர்களில் பெரும்பாலோர் புகைத்தவர்கள், அல்லது புகைப்பவர்கள். அவர்களுக்குத்தான் அந்த நிம்மதி குறைவு.

கால்சியம் பூச்சியம் என்றால் அடுத்த பல ஆண்டுகளுக்கு மாரடைப்பு அபாயம் மிகக் குறைவு என்பது, 2000-இல் 6,814 பேரோடு அமெரிக்காவில் தொடங்கிய மெசா ஆய்வு போன்றவற்றிலிருந்து கிடைத்த செய்தி. இதை வைத்தே, பூச்சியம் வந்தவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தள்ளிப்போடலாம் என்று 2018-ஆம் ஆண்டின் அமெரிக்க இதயவியல் வழிகாட்டுதல் சொல்கிறது. கூடவே விலக்கும் உண்டு: சர்க்கரை நோயாளிகள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர்கள், சிகரெட் புகைப்பவர்கள். காரணம், கால்சியம் ஏறாத மென்மையான கொழுப்புப் படிவு இந்த ஸ்கேனில் தெரியாது. புகைப்பவருக்கு அது வெடித்து அடைப்பதற்கு வாய்ப்பு அதிகம். நுரையீரல் திரையிடலுக்குத் தகுதி பெறுபவர் யார்? புகைத்தவர். பூச்சியத்தை முழுதாக நம்பக்கூடாதவர் யார்? புகைப்பவர். இரண்டையும் ஒரே ஸ்கேனில் சேர்ப்பதில் எனக்குத் தெரிந்த பெரிய கண்ணி இதுதான். அறிக்கையின் அடியில் "கால்சியம் இல்லை" என்ற வரியைப் படித்துவிட்டு வெளியே வந்து ஒன்றைப் பற்றவைப்பவர்களும் இருக்கிறார்கள்.

மெசாவில் இந்திய வம்சாவளியினர் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெற்காசியர்களுக்கென 2010-இல் அமெரிக்காவிலேயே தொடங்கிய மசாலா ஆய்வு (பெயரை நான் வைக்கவில்லை) தெற்காசிய ஆண்களின் கால்சியம் அளவு வெள்ளையின ஆண்களின் அளவை ஒத்தே இருப்பதைக் கண்டது.

13 நவம்பர்

கதிர்வீச்சு. எப்போது வரும் என்று காத்திருந்த கேள்வி.

கரோல்பாக் அம்மையார் ஒருவர், ஒரு சி.டி. முந்நூறு எக்ஸ்ரேக்குச் சமம் என்று 2021-இல் எய்ம்ஸ் இயக்குநரே சொன்னாரே என்று நினைவூட்டுகிறார். ஆம், கொரோனா இரண்டாம் அலையின்போது லேசான நோய்க்கெல்லாம் மக்கள் சி.டி. எடுக்க ஓடியபோது, அப்போதைய இயக்குநர் ரன்தீப் குலேரியா ஒரு சி.டி. 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்றார். கதிரியல் மருத்துவர்கள் சங்கம் உடனே மறுத்தது. எதை எதனால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்தது இந்தச் சண்டை. முன்பக்க மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.02 மில்லிசீவர்ட் என்றும், வழக்கமான மார்பு சி.டி.க்கு 7 மில்லிசீவர்ட் என்றும் கொண்டால் 350 வரும். குறைந்த கதிர்வீச்சு ஸ்கேனுக்கு 1 முதல் 1.5 மில்லிசீவர்ட்தான், அதே வகுத்தலில் 50 முதல் 75 எக்ஸ்ரே. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உலக மனிதன் ஆண்டுக்குச் சராசரியாகப் பெறுவது 2.4 மில்லிசீவர்ட். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் மணல்மேல் வாழும் நம்மவர்கள் அதைவிடக் கூடுதலாகவே பெறுகிறார்கள்.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. "லோ டோஸ்" என்று விளம்பரப்படுத்தும் எல்லா இடங்களிலும் கருவியில் அந்த நெறிமுறை அமைக்கப்பட்டிருக்கும் என்று எண்ண வேண்டாம். ஸ்கேன் முடிந்ததும் கருவியே ஒரு கதிர்வீச்சு அறிக்கைப் பக்கத்தை உருவாக்கும், அதில் டி.எல்.பி. என்று ஓர் எண் இருக்கும். மார்புக்கு அந்த எண்ணை 0.014-ஆல் பெருக்கினால் மில்லிசீவர்ட் தோராயமாகக் கிடைக்கும். 100-க்குக் கீழே இருந்தால் சொன்னபடி செய்திருக்கிறார்கள். 400, 500 என்றிருந்தால் வழக்கமான ஸ்கேனையே சலுகை விலையில் தந்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கேட்பவர்கள் அரிது என்பதால் முதலில் விழிப்பார்கள், பிறகு தருவார்கள்.

19 நவம்பர்

காற்று மாசால் நேற்று முதல் தில்லியில் நான்காம் கட்டக் கட்டுப்பாடு; பள்ளிகள் இணையத்துக்குப் போய்விட்டன. எதிர்பார்த்தபடியே, "நாங்கள் ஒரு சிகரெட்டும் தொட்டதில்லை, இந்தக் காற்றைச் சுவாசிக்கிறோமே, எங்களுக்கு ஸ்கேன் வேண்டாமா?" என்று ஆர்.கே. புரத்திலிருந்து கேள்வி.

வெளிக்காற்று மாசைப் புற்றுநோய்க் காரணி என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இலேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ஆனாலும் மாசுள்ள ஊரில் வசிப்பதை மட்டும் தகுதியாகக் கொள்ளும் திரையிடல் விதி எதையும் நான் கண்டதில்லை. புகைக்காதவர்களைச் சேர்த்த நாடு தைவான். 2022-இல் தொடங்கிய அவர்களின் திட்டத்தில், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ பிள்ளைகளுக்கோ நுரையீரல் புற்றுநோய் வந்திருந்தால் புகைக்காதவருக்கும் இடம் உண்டு. புகைக்காத நாற்பது வயதுக்காரர் வெறும் அச்சத்தால் எடுத்துக்கொண்டால், புற்றுநோய் கிடைப்பதைவிடக் குழப்பம் கிடைப்பதற்கே வாய்ப்பு அதிகம். அந்தக் குழப்பம் எப்படிப்பட்டது என்பதை அடுத்து எழுதுகிறேன்.

பீடி பற்றிக் கேட்டவருக்கு: சிகரெட்டில் உள்ளதில் ஏறத்தாழக் கால்பங்கு புகையிலைதான் பீடியில் இருக்கும், ஆனால் அணையாமலிருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருப்பதால் உள்ளே போகும் தாரும் நிகோடினும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல. உங்கள் தந்தையாரின் கணக்கில் ஒரு பீடிக்கு ஒரு சிகரெட் என்றே எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

24 நவம்பர்

என் மைத்துனர் மத்திய அரசில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். என் வற்புறுத்தலின் பேரில்தான் நுரையீரல் ஸ்கேன் எடுத்துக்கொண்டார். வலது மேல் மடலில் 7 மில்லிமீட்டரில் நோடியூல் எனப்படும் சிறு முடிச்சு ஒன்று. அமெரிக்கக் கதிரியல் கல்லூரியின் லங்-ராட்ஸ் வகைப்பாட்டில் முதல் ஸ்கேனில் 6 மில்லிமீட்டருக்குக் கீழுள்ள கெட்டியான முடிச்சு இரண்டாம் வகை, ஆண்டுக்குப் பின் பார்த்தால் போதும். 6 முதல் 8-க்குள் என்றால் மூன்றாம் வகை, ஆறு மாதத்தில் மீண்டும் ஸ்கேன். 8-ஐத் தொட்டால் நான்காம் வகை. இவருக்கு மூன்று. இது நல்ல செய்திக்கு அருகிலிருப்பது என்று நான் எவ்வளவு சொல்லியும், அந்த ஆறு மாதமும் அவர் உயில் எழுதுவது, வங்கிக் கணக்குகளில் மனைவி பெயரைச் சேர்ப்பது என்றே கழித்தார். மலை மந்திர் முருகனுக்குக் காவடி நேர்ந்துகொண்டது என் தங்கை. இரண்டாம் ஸ்கேனில் முடிச்சு அப்படியே இருந்தது, ஓர் இழை கூட வளரவில்லை. இளமையில் எப்போதோ வந்து தெரியாமலே ஆறிய காசநோயின் தழும்பு என்பது மருத்துவரின் கணிப்பு.

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். ஆறிய காசநோயும் விரும்பிக் குடியேறும் இடம் மேல் மடல்தான். என்.எல்.எஸ்.டி. ஆய்விலேயே சி.டி.யில் சந்தேகம் எனக் குறிக்கப்பட்டவற்றில் 96.4 விழுக்காடு புற்றுநோயாக முடியவில்லை. அது காசநோய் அரிதான நாடு, அதுவும் 4 மில்லிமீட்டரிலிருந்தே சந்தேகப்பட்ட காலம். புதிய வகைப்பாடு இந்த வீண் அலைச்சலை வெகுவாகக் குறைத்திருக்கிறது என்றாலும், இங்கே பெட் ஸ்கேன் வரை போனாலும் தெளிவு கிடைப்பது உறுதியில்லை, ஏனெனில் உயிர்ப்போடு இருக்கும் காசநோயும் பெட் ஸ்கேனில் புற்றைப் போலவே ஒளிரும். நம்மவர்களின் மார்புப் படங்களைப் படித்துப் பழகிய கண் வேண்டும். எனவே ஸ்கேன் எங்கே மலிவு என்று விசாரிப்பதற்கு முன், அறிக்கை எழுதுபவர் மார்புப் படங்களை நாள்தோறும் பார்ப்பவரா என்று விசாரியுங்கள்.

25 நவம்பர்

காவடி எடுத்தாயிற்று. கேட்டவர்களுக்கு நன்றி. பஞ்சாமிர்தத்தை இணைய வழியே அனுப்ப இயலாது.

1 டிசம்பர்

இழையை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். எந்தப் பொட்டலம், எந்தக் கருவி என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாவுக்காகத் தில்லியில் எத்தனை வீட்டாருக்கு எச்.ஆர்.சி.டி. எனும் நுண்துல்லிய நுரையீரல் சி.டி. எடுத்தோம்! நுரையீரல் பாதிப்பு இருபத்தைந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் கேட்டுத் தொலைபேசியில் பரிமாறிக்கொண்டோம். அந்த ஸ்கேன்கள் ஒவ்வொன்றிலும் இதயத் தமனிகள் இருக்கின்றன. நெருக்கடி நேரத்தில் அறிக்கை எழுதியவர்கள் நுரையீரலை மட்டும் எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஒரு நாளில் அவர்கள் முன் குவிந்த படங்களை நான் பார்த்தேன். ஆனால் அந்தத் தரவு இன்னும் உங்கள் வீட்டுப் பீரோவில் குறுந்தட்டாகக் கிடக்கிறது.

பெரிய பிலிம் உறையை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பிலிமில் அச்சிடப்படுவது பெரும்பாலும் நுரையீரல் காட்சி. அதில் நுரையீரல் கறுப்பும் சாம்பலுமாகத் தெளிவாகத் தெரியும், இதயம் முழுவதும் ஒரே வெண்மையாக இருக்கும், வெள்ளைக்குள் வெள்ளையாகக் கால்சியம் ஒளிந்துவிடும். குறுந்தட்டைக் கணினியில் திறந்து வெண்மை அளவைக் கீழிறக்கினால் இதயத் தசை சாம்பலாகும், இடது முன்தமனியின் வழியில் சுண்ணாம்புக் கோடு தனியே எழுந்து நிற்கும். பழகியவர் கண்ணுக்கு ஒரு நிமிடம் போதும். பழைய படத்தில் அன்றே நடுத்தர அளவு கால்சியம் இருந்திருந்தால் இன்று குறைந்திருக்காது. அந்த ஒரு செய்திக்காகப் புதிய ஸ்கேன் தேவையில்லை.

நுரையீரலுக்கு இது பொருந்தாது. மூன்றரை ஆண்டுக்கு முந்தைய சுத்தமான நுரையீரல் இன்றைய புற்றைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆனால் இன்று முடிச்சு ஒன்று தெரிந்தால், அது அன்றும் அதே அளவில் இருந்ததா என்று ஒப்பிட அந்தத் தட்டைப் போல உதவுவது வேறில்லை. என் மைத்துனருக்கு அப்படி ஒரு தட்டு இருந்திருந்தால் உயில் எழுதும் வேலை மிச்சமாகியிருக்கும்.

8 டிசம்பர்

இழையைப் படிக்கும் மருத்துவர் ஒருவர், இதயப் பகுதியில் நான் ஆர்வம் மிகுந்து எழுதுவதாகச் சொல்லி டென்மார்க்கின் டான்காவாஸ் ஆய்வை முன்வைத்தார். 65 முதல் 74 வயது வரையுள்ள 46,611 ஆண்கள். ஒரு பகுதியினருக்குக் கால்சியம் ஸ்கேனோடு விரிவான இரத்தக்குழாய்ச் சோதனைக்கு அழைப்பு, மற்றவர்களுக்கு இல்லை. 2022-இல் வந்த முடிவில், ஐந்தாண்டுகளுக்குச் சற்று மேல் கழிந்த நிலையில், அழைக்கப்பட்டவர்களிடையே மரணம் 5 விழுக்காடு குறைவு. ஆனால் அது புள்ளியியல்படி உறுதியென்று சொல்லும் எல்லையை எட்டவில்லை.

இது நியாயமான தடை. கால்சியத்தைத் தேடி ஆரோக்கியமானவர்களை அழைத்து ஸ்கேன் செய்வதால் உயிர் காக்கப்படுகிறது என்பதற்கு, நுரையீரல் பக்கத்தில் இருப்பதைப் போன்ற வலுவான சான்று இதயப் பக்கத்தில் இல்லை. இரண்டையும் சமமான இரட்டைப் பிள்ளைகளாக விளம்பரம் காட்டுவது அதனால் பொருந்தாது. என் நிலைப்பாட்டை இப்படி இறுக்கிக்கொள்கிறேன்: நுரையீரலுக்குத் தகுதியுள்ளவர் நுரையீரலுக்காக ஸ்கேன் எடுக்கட்டும், இதயம் அதில் இலவசமாக வருகிறது, அதை எழுதச் சொல்லட்டும். நுரையீரலுக்குத் தகுதியில்லாதவர் இதயத்துக்காக மட்டும் எடுப்பதானால், மருந்து தொடங்குவதா வேண்டாமா என்று மருத்துவரே தயங்கும் நிலையில் எடுக்கட்டும். ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கும் கால்சியம் ஸ்கோரால் பயனில்லை; நோய் உண்டு என்பது தெரிந்த கதை.

9 டிசம்பர்

எப்படிக் கேட்பது என்று கேட்டவருக்கு: மருத்துவரின் சீட்டில் "குறைந்த கதிர்வீச்சு மார்பு சி.டி., கான்ட்ராஸ்ட் இல்லாமல், லங்-ராட்ஸ் வகை, தமனிக் கால்சியம், எம்ஃபிசீமா ஆகியவற்றைக் குறிப்பிடவும்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். (எம்ஃபிசீமா என்பது நுரையீரலின் காற்றறைகள் சிதைந்து போவது.) ஸ்கேன் மேசையில் படுத்தபின் தொழில்நுட்பரிடம் வாய்மொழியாகச் சொன்னால் அது அறிக்கை எழுதும் அறை வரை போய்ச் சேராது. இதை அந்த மேசையருகே நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

22 டிசம்பர்

வினா எழுப்பிய மயூர் விஹார் அன்பர் விவரம் எழுதியிருக்கிறார். 2021-இன் குறுந்தட்டு பூஜை அறை அலமாரியில் கிடைத்ததாம். அதைப் படிக்கச் சொன்னதில் நடுத்தர அளவு தமனிக் கால்சியம்; இதய மருத்துவர் ஸ்டாட்டின் தொடங்கிவிட்டார். சலுகைப் பொட்டலத்தை விட்டுவிட்டு, நுரையீரலுக்கு மட்டும் தனியே ஸ்கேன் எடுத்தார். டி.எல்.பி. 82. லங்-ராட்ஸ் இரண்டு. இடையே லேசான எம்ஃபிசீமா என்றும் ஒரு வரி இருந்திருக்கிறது. அதற்கு மூச்சுத்திறன் சோதனை செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

இனி இரண்டையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டுமா என்பது அவருடைய புதிய கேள்வி. நுரையீரலை ஓராண்டில் பார்க்க வேண்டும். புகையை விட்டுப் பதினைந்து ஆண்டுகள் நிறையும்வரை அது தொடரும். கால்சியத்தை மறுபடி எண்ண வேண்டாம். ஸ்டாட்டின் சாப்பிடும்போது மென்படிவு இறுகிக் கெட்டிப்படுவதால் ஸ்கோர் ஏறவே செய்யும். அது மருந்து தோற்றதற்கு அடையாளம் ஆகாது. அடுத்த ஆண்டு அறிக்கையில் எண் கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மருத்துவர் பார்க்க வேண்டியது எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பின் அளவை, அதற்கு இரத்தச் சோதனை போதும்.